மஞ்சள் மூக்கு ஆள்காட்டியின் கறுப்பு மூக்கு

இதைப் படிக்கப்போகிறவர்கள் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும், மை டப்பா மூடியில் கலர் பெயரை எழுதி வைக்கவும்தான். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ல, ள, ழ மூன்றும் என் காதில் ஒன்றுபோலவே விழும். எந்த இடத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் போட்டுவிடுவேன். ர, ற சங்கதி அதைவிட மோசம்.

இப்படிப்பட்டவன் எதற்கு எழுத வேண்டும் என்று நானும் யோசித்தேன். ஆனால் காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். “உங்களுக்குப் பேசத்தானே கூச்சம், எழுதித் தாங்க. பிழையை நான் பாத்துக்கிடுதேன்” என்றார்கள். பிழை பார்ப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நான் கோவில்பட்டியில் ஒரு அச்சகத்தில் நாலு கலர் மெஷின் ஓட்டுகிறேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்களுக்கு முக்கியமான வேலை தீப்பெட்டி லேபிள். அதற்கடுத்து கடலைமிட்டாய்க் கவர். லேபிளில் எத்தனையோ பறவைகளை அடித்திருக்கிறேன். கிளி, மயில், புறா, பேர் தெரியாத ஒரு கொக்கு. பெட்டிக்கடையில் நாலடி தள்ளி நிற்கிறவன் கண்ணில் அவை விழ வேண்டும். அதனால் சிவப்பையும் மஞ்சளையும் எப்போதும் கொஞ்சம் தூக்கி வைப்போம். மூக்கோடு நிற்க வேண்டிய சிவப்பு கிளியின் கழுத்துவரை இறங்கியிருக்கும். மயில் கழுத்துக்கு அன்றைக்கு டப்பாவில் எந்த நீலம் மிச்சமோ அந்த நீலம். யாரும் ஒன்றும் கேட்டதில்லை. தீப்பெட்டி வாங்குகிறவருக்குக் குச்சி பற்றினால் சரி.

எங்கள் தொழிலில் சரி என்பதற்கு ஒரே ஒரு அளவுதான். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட புரூஃப். மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் அதை விரித்து வைத்திருப்போம். ஓடுகிற தாள் அதற்கு ஒத்துப்போனால் சரி, போகாவிட்டால் தப்பு. இத்தனை வருஷமும் இதைத் தாண்டி நான் யோசித்ததில்லை.

என் வீடு எட்டயபுரம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரில். மெயின் ரோட்டு வழியாக வந்தால் டீக்கடை, பஸ் ஸ்டாப், தெரிந்த முகங்கள். “என்ன, வேலைக்கா?” என்று ஒருவர் கேட்டால், நான் பதிலைத் தேடி எடுப்பதற்குள் கேட்டவர் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார். அதனால் காட்டுப் பாதையில்தான் மொபெட்டை விடுவேன். ஓடையைத் தாண்டி, கண்மாய்க் கரை ஏறி இறங்கி, தரிசுக்காட்டுக்கு நடுவே போகிற வண்டித்தடம் அது.

ஆட்களுக்குத் தப்பி அந்த வழியாக வந்தால், அங்கே எனக்கென்று ஒரு பறவை காத்திருக்கும். ஆள்காட்டி. எங்கள் ஊரில் ஆக்காட்டி என்போம். கண்மாய்ப் பக்கம் இருப்பதற்கு மூக்கு சிவப்பு. ஒரு ஆள் தலை தெரிந்தால் போதும், எழும்பித் தலைக்குமேல் சுற்றிச் சுற்றி, “இந்தா வாரான், இந்தா வாரான்” என்று ஊரைக் கூட்டிவிடும். கூச்சக்காரனுக்கு அதைவிடப் பெரிய தொந்தரவு கிடையாது.

கண்மாயைத் தாண்டித் தரிசுக்கு வந்தால் இன்னொரு ஆள்காட்டி இருக்கும். இது தண்ணீரைத் தேடாத பறவை. பருத்தி எடுத்து முடித்து, நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இடத்தில்தான் நிற்கும். முதுகு காய்ந்த மண்ணின் நிறம். தலையில் கறுப்புத் தொப்பி, தொப்பிக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு. கண்ணுக்கு முன்னால் செவ்வந்தி இதழை ஒட்டிவைத்த மாதிரி மஞ்சளாக ஒரு தோல். கால் நீளம், அதுவும் மஞ்சள். நாலு எட்டு ஓடும், நிற்கும், குனியும், மறுபடி ஓடும். கத்தினாலும் மெல்ல ஒரு சத்தம், அவ்வளவுதான். என்னைப் பார்த்தாலும் யாரிடமும் சொல்லாது. அதனால் அதன்மேல் எனக்கு ஒரு பிரியம். வெயில் காலத்தில் எங்கோ தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். மொபெட்டை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்து எத்தனையோ நாள் வேலைக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன். காரணம் கேட்டால் டயர் பஞ்சர் என்பேன்.

போன பங்குனியில் டீச்சர் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தார்கள். கரிசல் காட்டில் பார்க்கக் கிடைக்கும் பறவைகளைப் பற்றி ஒரு கைப்புத்தகம் அடிக்க வேண்டும் என்றார்கள். சட்டைப்பையில் அடங்குகிற அளவு. பக்கத்துக்கு ஒரு பறவை. மேலே பெயர், நடுவில் படம், கீழே நாலு வரி. படமெல்லாம் ஒரு ஓவியர் கையால் வரைந்தவை. ஆறு வருஷ வேலையாம். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை தரிசுக்காட்டிலேயே வைத்து ஊர்க்காரர்கள் கையில் கொடுப்பதாக எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்றார்கள்.

முதலாளி கேட்டார். “போட்டோ போட்டா வேல லேசுல்லா டீச்சர்? இப்பந்தான் எல்லாரு கையிலயும் போன் இருக்கே.”

“போட்டோ அந்த ஒரு நிமிஷத்துப் பறவை அண்ணாச்சி. வெயில் அடிச்சா ஒரு கலர், மேகம் போட்டா ஒரு கலர். வரைஞ்ச படம்னா எல்லா நேரமும் சேந்த பறவை. காட்டுல நின்னு புத்தகத்த விரிச்சா, இதுதான்னு சட்டுனு தெரியணும். ஒரு கோடு தப்பினா வேற பறவையாயிரும். பெறகு மத்த எந்தப் படத்தையும் யாரும் நம்ப மாட்டாங்க.”

மை டப்பாவைத் துடைக்கிற மாதிரி நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் சோதனைத் தாளை நான் என் வழக்கப்படி அடித்தேன். கை பழகிய பழக்கம், சிவப்பும் மஞ்சளும் தூக்கல். டீச்சர் தாளைக் கையில் வாங்கினார்கள். பனங்காடையைப் பார்த்தார்கள். பிறகு சிரித்துவிட்டார்கள்.

“அண்ணாச்சி, இது தீப்பெட்டியில இருந்து பறந்து வந்த மாதிரில்லா இருக்கு! நீங்க பனங்காடை பாத்திருக்கீங்களா?”

தினமும் காலையில் கரண்டுக் கம்பியில் பார்க்கிறேன். உட்கார்ந்திருக்கும்போது மங்கிய செங்கல் மாதிரிதான் இருக்கும், எழும்பும்போதுதான் அந்த நீலமெல்லாம் விரியும், நெஞ்சில் வெள்ளைக் கீற்று ஓடும். இவ்வளவும் சொல்லத்தான் நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். டீச்சர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார்களோ ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது. அன்று மாலைவரை உட்கார்ந்து சிவப்பையும் மஞ்சளையும் இறக்கினேன். பனங்காடை கம்பியில் உட்கார்ந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆள்காட்டிப் பக்கமும் வேறு சில பக்கங்களும் சேர்ந்த பாரம் மெஷினில் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. நானூறு, ஐநூறு தாள் விழுந்திருக்கும். ஒன்றை உருவி மேஜையில் போட்டு லென்ஸை வைத்துப் பார்த்தேன். ரிஜிஸ்டர் சரி, நாலு கலரும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தது. கறுப்புத் தொப்பி சரி, வெள்ளைக் கோடு சரி, கண்ணுக்கு முன்னால் மஞ்சள் சரி. மூக்கு மஞ்சள்.

லென்ஸை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். எலுமிச்சம்பழத் தோல் மாதிரி முழு மூக்கும் மஞ்சள். புரூஃபைப் பார்த்தேன். அதிலும் மஞ்சள்தான். கீழே டீச்சரின் கையெழுத்து.

புரூஃபுக்கு ஒத்துப்போகிறது, ஆகவே சரி. அப்படி நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு அம்பது தாளை விட்டேன். ஆனால் ஒவ்வொரு தாள் விழும்போதும் அந்த மூக்கு என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஒரு கோடு தப்பினால் வேறு பறவை என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. இப்படி ஒரு பறவை கரிசலில் மட்டுமல்ல, எங்குமே கிடையாது. இருக்கிற ஒரு பறவையை நான் இல்லாத பறவையாக அடித்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் எனக்குப் பிரியமானதை.

ஸ்டாப் பட்டனை அமுக்கினேன்.

எங்கள் பிரஸ்ஸில் மெஷின் ஓடும்போது ஒருவரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டிங் மெஷின் பாய் பார்த்தார். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற தங்கச்சி பார்த்தது. முதலாளி உள்ளே இருந்து வந்துவிட்டார்.

“என்னவே, தாள் சிக்கிட்டா?”

“இல்ல மொதலாளி. மூக்கு.”

“மூக்கா? யார் மூக்கு?”

“பறவை மூக்கு. கறுப்பா இருக்கணும்.”

பாய் கையிலிருந்த தாள்கட்டைக் கீழே வைத்துவிட்டார். பாயும் நானும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். “யா அல்லா, மாப்ள பேசிட்டான்! இருவத்தஞ்சு வருசத்துல மொத வார்த்த மூக்காலே?”

தங்கச்சி எழுந்து வந்தது. “அண்ணாச்சி, நாந்தான் அத மாத்துனேன். மேல பேரப் பாருங்க, மஞ்சள் மூக்கு ஆள்காட்டின்னு போட்டிருக்கு. படத்துல மூக்கு கறுப்பா இருந்துச்சு. வரைஞ்சவரு மறந்துட்டாருபோலன்னு நெனச்சேன். டீச்சர் ரெண்டாவது புரூஃபுல எழுத்துப் பிழை திருத்தி அனுப்புனாங்கல்லா, அப்பவே இதையும் சேத்து சரி பண்ணிட்டேன். டீச்சரும் பாத்துட்டு கையெழுத்துப் போட்டுட்டாங்களே.”

தங்கச்சியைக் குறை சொல்ல முடியாது. லேபிள் வேலையில் அது அப்படித்தான் பழகியது. பெயரில் சிவப்பு ரோஜா என்றிருந்தால் படத்தில் ரோஜா சிவப்பாக இருந்தாக வேண்டும். பெயருக்கும் படத்துக்கும் ஒவ்வாவிட்டால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

முதலாளி புரூஃபைக் கையில் எடுத்தார். “பேருல மஞ்சள் மூக்கு. படத்துல மஞ்சள் மூக்கு. கீழ டாக்டர் பட்டம் வாங்குன டீச்சர் கையெழுத்து. நீரு மட்டும் கறுப்புன்னு சொல்லுதீரு. எந்தப் புஸ்தகத்துல பாத்தீரு?”

“புஸ்தகத்துல இல்ல. காட்டுல.”

டீச்சருக்குப் போன் போட்டார்கள். அணைத்து வைத்திருந்தது. பரீட்சை ஹாலில் இருக்கிறார்கள், ஒரு மணிக்குத்தான் வெளியே வருவார்கள் என்று காலேஜில் சொன்னார்கள். நாலு கலருக்குப் புது பிளேட், அதாவது அச்சுத் தகடு, வேண்டுமென்றால் சிவகாசிக்கு ஆள் போய் வர வேண்டும். ஒரு நாள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்குப் புத்தகம் தைத்து முடியாது. ஓட்டினால் தப்பு, நிறுத்தினால் புத்தகமே இல்லை. முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டென்று என்னைப் பார்த்தார்.

“ஒரு மணி வரைக்கும் சும்மாத்தான இருக்கணும்? உம்ம பறவையக் காட்டும் பாப்போம்.”

என் மொபெட்டின் பின்னால் முதலாளி ஏறினார். அவர் கனத்த ஆள். வண்டி ஒரு முனகல் முனகிக் கிளம்பியது. தங்கச்சியின் ஸ்கூட்டரில் பின்னால் பாய். “நான் எதுக்கு இருக்கேன், நானும் மூக்குப் பாக்க வாரேன்” என்று அவராகவே ஏறிக்கொண்டார். பதினோரு மணி வெயிலில், வேலை நேரத்தில், ஒரு பிரஸ்ஸே காட்டுக்குப் போனது.

கண்மாய்க் கரையில் ஏறியதும் சிவப்பு மூக்கு எழும்பிவிட்டது. அன்று நாலு ஆள் என்பதால் நாலு மடங்கு கத்தல்.

“இதானாவே?” என்றார் முதலாளி.

“இது சிவப்பு மூக்கு மொதலாளி. பாருங்க, மூக்கு நெசமாவே சிவப்பு. நுனிதான் கறுப்பு.”

பாய் பின்னாலிருந்து கேட்டார். “அப்ப சிவப்பு மூக்குக்கு மூக்கு சிவப்பு. மஞ்சள் மூக்குக்கு மட்டும் மூக்கு கறுப்பா? என்ன மாப்ள நியாயம் இது?”

அன்றைக்கு வாய் திறந்திருந்தது, அதனால் எதையோ சொன்னேன். “மொத பறவைக்குப் பக்கத்துல போய்ப் பாத்துப் பேரு வச்சிருப்பாவ. அது கத்துன கத்துல பயந்து, ரெண்டாவதுக்குத் தூரத்துல நின்னே வச்சிட்டாவபோல.”

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் சிரித்ததில் மொபெட் ஆடியது. நான் சொல்லி ஒருவர் சிரித்தது எனக்கு ஞாபகம் தெரிந்து அதுதான் முதல் தடவை.

தரிசுக்கு வந்து வண்டிகளை ஒரு உடைமரத்தடியில் நிறுத்தினோம். சத்தம் போடாமல் குத்தவைத்து உட்காரச் சொன்னேன். முதலாளியும் உட்கார்ந்தார். வெடித்த மண்ணைத் தவிர எதுவும் தெரியவில்லை. “எங்கவே?” என்று கிசுகிசுத்தார். நான் கையைக் காட்டினேன். மண் ஒரு இடத்தில் மட்டும் நாலு எட்டு ஓடி நின்றது. அப்போதுதான் எல்லோருக்கும் பறவை தெரிந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து முதலாளியின் சட்டைப்பையில் போன் அலறியது. சாமி பாட்டு. பறவை இருபது அடி தள்ளிப் போய்விட்டது. பாய் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சம்பளம் வாங்குகிறவர் கொடுக்கிறவரை அப்படிப் பார்க்கக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்தது. முட்டை அங்கேதான் எங்கோ இருக்க வேண்டும். தங்கச்சி போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. “போதும், கெளம்புவோம். நாம இருந்தா அது முட்டை மேல ஒக்காராது, வெயில் ஏறுது” என்றேன். நான் சொன்னேன், மூன்று பேரும் எழுந்தார்கள்.

உடைமர நிழலில் வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாகப் பார்த்துப் பழகிய கண் அந்தத் தங்கச்சிக்கு. விரலால் விரித்துக்கொண்டே போனது. கடைசியில் மெல்லிய குரலில், “கறுப்புதான் அண்ணாச்சி” என்றது.

நான் மூச்சு விட்டேன்.

“ஆனா முழுசா இல்ல. அடியில, மூஞ்சிய ஒட்டுன எடத்துல, கொஞ்சம் மஞ்சள் இருக்கு பாருங்க.”

பார்த்தேன். இருந்தது. முன்பாதி கறுப்பு, அடியில் ஒரு துளி மஞ்சள். எத்தனை வருஷமாகத் தினமும் பார்க்கும் பறவை. முழு மூக்கும் கறுப்பு என்றே அடித்துச் சொல்லியிருப்பேன். பெயரைப் பார்த்துத் தங்கச்சி ஏமாந்தது, பழக்கத்தைப் பார்த்து நான் ஏமாந்தேன். பிரஸ்ஸுக்குத் திரும்பியதும் ஓவியர் வரைந்த முதல் படத்தைத் தங்கச்சி கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டியது. முன்பாதி கறுப்பு, அடியில் துளி மஞ்சள். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. அன்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆனால் பிளேட் பிரச்சினை அப்படியே இருந்தது. தங்கச்சி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது. “என்னாலதான எல்லாம் கெட்டுப்போச்சு.”

நான் அடித்த தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மஞ்சள் மூக்கு. மஞ்சள்மேல் கறுப்பை ஏற்றினால் கறுப்பு அதை மூடிவிடும். மஞ்சள் அவ்வளவு மெலிந்த கலர். லேபிளில் தினமும் அதைத்தான் செய்கிறோம். நாலு கலர் பிளேட்டுக்குத்தான் சிவகாசி போக வேண்டும். ஒரு கலர் பிளேட்டை, பிளேட் எடுக்கிற எங்கள் பழைய ஃபிரேமிலேயே போட்டுக்கொள்ளலாம்.

“ஒண்ணும் கெடல யம்மா,” என்றேன். “மூக்க மட்டும் ஒரு பிளேட் போடு. வெறும் கறுப்பு. அடிவரைக்கும் வேண்டாம், கொஞ்சம் முன்னாலயே நிப்பாட்டிரு. அடியில நீ போட்ட மஞ்சள் இருக்கட்டும்.”

அது ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தது. பிறகு புரிந்துகொண்டு, “அப்ப என் மஞ்சளும் சரிதான்!” என்று எழுந்தது. பாய் கைதட்டினார்.

ஒரு மணிக்கு டீச்சர் கூப்பிட்டார்கள். முதலாளி விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனை என் கையில் திணித்தார்.

“அண்ணாச்சி, அந்தப் பக்கத்துல ‘தரிசு’ங்கிறதுக்குச் சின்ன ரி போடுறதுக்குப் பதிலா பெரிய றி போட்டிருந்துச்சு. அதத் திருத்துன சந்தோசத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். எழுத்த மட்டுந்தான் பாத்தேன், மூக்கப் பாக்கல.”

“நான் எழுத்தப் பாக்கவே இல்ல டீச்சர்,” என்றேன். “பாத்தாலும் தெரிஞ்சிருக்காது.”

அவர்கள் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே எல்லோருக்கும் கேட்டது.

மிச்சத் தாளையும் அன்று மஞ்சள் மூக்கோடே ஓட்டி முடித்துக் காயவிட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் மூக்கு ஓட்டம். அரிசியில் பாதி அளவு கறுப்பு, அதற்காக ஒரு முழு மெஷின். பங்குனி வெயிலில் தாள் மயிரிழை சுருங்கும். அந்த மயிரிழை தவறினால் மூக்கு முகத்தை விட்டுத் தனியே நிற்கும். முதல் முப்பது தாளில் பறவைக்கு மூக்கு நெற்றியில் இருந்தது, தாடையில் இருந்தது, ஒன்றில் பக்கத்துப் பறவைக்குப் போய்விட்டது. பாய் அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தொன்றாவது தாளில் மூக்கு வந்து இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். அடியில் துளி மஞ்சள். மதியம் பரீட்சை முடிந்து நேராக வந்த டீச்சரும் லென்ஸில் குனிந்து பார்த்தார்கள். வெகு நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, “எழும்பிப் போயிருமோன்னு இருக்கு” என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தரிசில் சாமியானா போட்டு ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். முட்டை இருந்த இடத்துக்கு வெகுதூரம் தள்ளித்தான் போட வேண்டும் என்று நான் முதலாளியிடம் சொல்லி, முதலாளி டீச்சரிடம் சொல்லியிருந்தார். நான் மொபெட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஆடு மேய்க்கிற ஒரு அம்மா வந்தார்கள். வயது அறுபது இருக்கலாம். டீச்சர் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். “எனக்கு எழுத்துத் தெரியாதே தாயி” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா பக்கத்தைத் திருப்பினார்கள். “இது கவுதாரி. இது பனங்காடை. இது கரிச்சான், ஆட்டு மேலயே ஒக்காந்து வரும்.” பெயரை மூடிவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு பக்கமாக வந்துகொண்டே இருந்தார்கள். டீச்சர், முதலாளி, தங்கச்சி, பாய் நாலு பேரும் அசையாமல் நின்றார்கள்.

அந்தப் பக்கம் வந்தது. அந்த அம்மா புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்கள்.

“இந்தா, நம்ம காட்டு ஆக்காட்டி! கண்மாய்ல கத்துமே, அது இல்ல. இது காட்டுக்குள்ள கெடக்கறது. ஏட்டி, இங்கன பாரு,” என்று பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டார்கள். “மூக்கு அடியில மஞ்சளா இருக்கும், அதக்கூட விடாம போட்டிருக்காவ. யாரோ நல்லாப் பாத்துப் போட்டிருக்காவ.”

“அதப் போட்டவன் இந்தா நிக்கான்!” என்று பாய் கையை நீட்டிக் கத்தினார். “வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கான் பாருங்க! இந்தா! இந்தா!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பு மூக்கு ஆள்காட்டி சாமியானாவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஓட இடமில்லை. நின்றேன், சிரித்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “டெய்லி இந்த வழியாப் போற பையல்லா இது! நீ பஞ்சர் ஒட்டுதியோன்னுல்லா நெனச்சேன், நின்னு நின்னு போவியே” என்றார்கள். முதலாளி என் பக்கம் திரும்பினார். பஞ்சர் கதை அன்றோடு முடிந்தது.

அதற்குப் பிறகு டீச்சர் தன்னிடமிருந்த வேறு பறவைப் புத்தகங்களையும் எனக்குத் தந்தார்கள். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. படம் தெரியும். ஒரே பஞ்சுருட்டான் ஒரு புத்தகத்தில் வாழைக்குருத்துப் பச்சை, இன்னொன்றில் கருவேப்பிலைப் பச்சை. ஓவியர் தப்பு எது, மெஷின்காரன் தப்பு எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். கோடு தப்பினால் அவர், கலர் தப்பினால் பெரும்பாலும் நம் ஆள். டீச்சருக்கு இது தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் தடவை அடிக்கும்போது அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கப்போகிறார்கள்: ‘பெயரில்தான் மூக்கு மஞ்சள், பறவையில் அடி மட்டும் மஞ்சள்.’ அந்த வரியில் ல எது, ள எது என்று இந்தத் தடவை நானும் பார்ப்பேன். மூக்கை அவர்கள் பார்க்க வேண்டும். அப்படி எங்களுக்குள் பேச்சு.

மழை இறங்கி, தரிசெல்லாம் உழுது விதைத்தாகிவிட்டது. மஞ்சள் மூக்கு வேறு எங்கோ மேட்டு நிலம் தேடிப் போயிருக்கும். நான் இன்னும் அதே வழியாகத்தான் போகிறேன். கண்மாய்க்காரன் மட்டும் குறையில்லாமல் கத்துகிறான். இப்போதெல்லாம் அவனுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறேன்.

எழுதி முடித்தது: ஐப்பசி பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை.